ஏழாம் சுற்றுக்கு ஒரு மதிப்பெண்

எமரி ஹாலாஸ் தாம் எழுதிய மார்க் அட்டையைத் தாமே கிழித்துப் போட்டது பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

கிழிந்த அட்டையில் இருந்த பெயர் எஃப்ரயின் வெலெஸ். ஏழாம் சுற்று, இருநூற்று முப்பத்தோராவது ஆள். பெயருக்கு எதிரே 'சி மைனஸ்' என்று போட்டு, கீழே நான்கு வரியில் காரணமும் எழுதியிருந்தார். எழுதியது சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது ஆஸி குபியாக்கிடமிருந்து போன் வந்தது.

"எமரி, இன்னிக்கு உன் தராசை வீட்டிலயே வச்சுட்டு வா."

"எதுக்கு?"

"எதுக்கா? யோவ், மிக்டாவோட பையன்யா. நேத்து சாயந்திரத்துலேர்ந்து ஊரே ஹார்ன் அடிச்சுக்கிட்டுத் திரியுது. நான் ஏ போடறேன். லவான்கிட்டயும் பேசிட்டேன், அவங்களும் ஏ. நீ மட்டும் உன் புத்தியைக் காட்டிடாத."

"பேசக்கூடாதுன்னுதானே விதி."

"விதியை நான்தான் போட்டேன். இன்னிக்கு ஒருநாள் லீவு விட்டிருக்கேன்."

"அவன் ஏ இல்லையே, ஆஸி."

"எனக்கு மட்டும் தெரியாதா? பெத்தவ எதிர்ல உக்காந்திருப்பா. அவ மூஞ்சியைப் பாத்து சி மைனஸ்னு சொல்லுவியா?"

"நான் சி மைனஸ்னு சொல்லவே இல்லையே."

"உன்னை எனக்குத் தெரியாதாக்கும்," என்று சொல்லி ஆஸி போனை வைத்துவிட்டார்.

காப்பி ஆறும்வரை எமரி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழித்தார். புதிய அட்டை எடுத்து 'ஏ' என்று எழுதினார். காரணம் எழுதும் இடத்தில் பேனாவை வைத்தார்; ஒரு புள்ளிதான் விழுந்தது. அப்படியே சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

ஆஸியின் முடிவெட்டும் கடையில் நடக்கும் அந்தக் கூட்டத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து ஏழு சுற்றில் எடுத்துக்கொள்ளும் 'டிராஃப்ட்' நடக்கிற மூன்று நாளும் எமரி, ஆஸி, லவான், மிக்டா நான்கு பேரும் ஒருவரோடொருவர் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து, தங்கள் அணி எடுத்த ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். மார்க் ஏ முதல் எஃப் வரை. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, பேர் சொன்னதும், நால்வரும் ஒரே சமயத்தில் அட்டையைத் திருப்ப வேண்டும். மார்க்குக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் தன் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். 'நல்ல பையன்' என்பது காரணம் ஆகாது.

இந்தக் கடைசி விதி பட்டுத் தெரிந்து போட்டது. பதினொரு வருடத்துக்கு முன் முதல் சுற்றில் எடுத்த ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டான். பேட்டியில் அம்மாவை நினைத்து அழுதான். எமரியைத் தவிர மூவரும் ஏ போட்டார்கள். இரண்டே சீசனில் அவன் இருந்த இடம் தெரியவில்லை. அதிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை யார் சொன்னாலும் அன்றைக்கு அவர்தான் தட்டு கழுவ வேண்டும்.

அட்டைகளை ஆஸி டிராயரில் வைத்துப் பூட்டுவார். மூன்று வருடம் கழித்துத் திறந்து, போட்ட மார்க்குகளுக்கே மார்க் போடுவார்கள். இதுவரை திறந்த பதினோரு தடவையும் உண்மைக்கு மிகக் கிட்டத்தில் வந்தது எமரியின் அட்டை. இதனால் லொரைன் ஊரில், உருக்காலைப் பக்கத்து மதுக்கடைகளிலும் திங்கட்கிழமை காலை தபாலாபீஸ் வரிசையிலும், "எமரி என்ன போட்டார்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

மார்க் போடுவது அவருக்குப் புதிதல்ல. முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தியவர். ஊரில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறார். மிக்டா என்கிற மிக்டாலியா வெலெஸை இரண்டு தடவை. பதினெட்டு வருடத்துக்கு முன் புவெர்ட்டோ ரிகோவிலிருந்து நாலு வயது எஃப்ரயினோடு வந்து இறங்கியவள் அவள். கூம்புகளுக்கு நடுவே வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் முதல் தடவை ஒரு கூம்பைச் சாய்த்தாள். இரண்டாவது தடவை இரண்டு. மூன்றாவது தடவை தேறினாள். காரிலிருந்து இறங்காமல் அவரிடம் சொன்னாள்: "இங்க நான் எது பண்ணினாலும் எல்லாரும் குட், குட்னு சிரிக்கிறாங்க. நிஜமா குட்டான்னு எனக்குத் தெரியறதே இல்ல. நீங்க ரெண்டு தடவை மோசம்னு சொன்னீங்க. அதனால இன்னிக்கு நீங்க சொன்னதை நம்பறேன், ஆபீசர்."

அன்று வைத்த பெயர்தான் ஆபீசர். இப்போது அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். எஃப்ரயின் பள்ளியில் ஆடிய அத்தனை வெள்ளிக்கிழமையும் எமரி அவள் பக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி ஆட்டங்களுக்கு மூன்று மணிநேரம் மாற்றி மாற்றி வண்டி ஓட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள். தம் வாயிலிருந்து வருவதை அப்படியே நம்புகிற ஒரே ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறாள் என்றால் அது மிக்டா என்பது எமரிக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைத்தான் அவர் சட்டைப் பையில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

கடைக்குள் மூன்று நாற்காலிகளையும் ஓரமாகத் திருப்பி, நடுவில் மடக்கு மேசை போட்டிருந்தார் ஆஸி. மேசையில் அவர் மனைவி அவித்து வெண்ணெயில் வதக்கிக் கொடுத்த பியரோகிக் கொழுக்கட்டை, மிக்டா கொண்டுவந்த, கறியை மாவில் மடித்துப் பொரித்த பஸ்தெலியோ, பீர். தபாலாபீஸில் வேலை பார்க்கும் லவான் டிப்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். எமரி உள்ளே வந்ததும் அந்த அம்மாள் அவரைப் பார்க்காமல் பியரோகியைப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி தலை சீவிட்டு வந்திருக்கீங்க?" என்றாள் மிக்டா. இரவு சரியாகத் தூங்காத முகம். ஆனால் குரலில் ஒன்றும் தெரியவில்லை. "ஆரம்பிங்கப்பா. முதல் சுற்று."

எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை ஒட்டிக்கொண்டே ஓடித் தடுக்கிறவன் ஒருவனை எடுத்திருந்தார்கள். அட்டைகள் திரும்பின. ஆஸி ஏ. லவான் ஏ மைனஸ். எமரி பி. மிக்டா பி.

"வேகம் இருக்கு, இல்லேங்கல," என்றாள் மிக்டா. "ஆனா பந்து வந்தப்புறம்தான் தலையைத் திருப்பறான். அதுக்குள்ள ஆள் மேல மோதிடறான், நடுவர் ஃபவுல்னு கொடியைப் போட்டுடறார்."

எமரியின் அட்டையிலும் அதேதான் இருந்தது. அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் சுற்றில் ரகளை.

"மூணாவது சுற்றுல போய், கம்பத்துக்கு நடுவுல பந்தை உதைக்கிறவன் ஒருத்தனா," என்றார் ஆஸி, அட்டையைத் திருப்பும் முன்பே. "விருந்துக்குச் சமையல்காரனைக் கூட்டிட்டு வாடான்னா, ஊறுகாய் விக்கிறவனைக் கூட்டிட்டு வந்து நிக்கிறானுங்க. எஃப். எஃப்புக்குக் கீழ ஏதாவது இருந்தா அது."

"போன வருஷம் நாலு மேட்ச் மூணு பாயிண்டுக்குள்ள தோத்தோம்," என்றார் லவான். "நாலுலயும் நம்மாளு கம்பத்துக்கு வெளிய உதைச்சான். மறுநாள் கவுன்ட்டர்ல எத்தனை மூஞ்சியைப் பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும். பி பிளஸ்."

"உதைக்கிறவனை டிராஃப்ட் முடிஞ்சப்புறம் தெருவுல பொறுக்கிக்கலாம்மா."

"பொறுக்கினோமே. அவன்தான் வெளிய உதைச்சவன்."

மிக்டா வாய்விட்டுச் சிரித்தாள். எப்போதும்போல் இருந்தது. ஒவ்வொரு பேராகக் கழிந்து, ஆறாம் சுற்றும் முடிந்தது. கடைசியாக ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் அட்டை கவிழ்ந்து கிடந்தது. ஆஸி தொண்டையைச் செருமினார்.

"ஏழாம் சுற்று. பந்தெறியறவனுக்கு முன்னால சுவரா நிக்கிற அஞ்சு பேருல ஒருத்தன், இடது கார்ட். நம்ம ஊரு. எஃப்ரயின் வெலெஸ்." பேரைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இளகியது. அந்தப் பையனுக்கு இந்த ஊரில் முதல் தடவை முடி வெட்டியவர் இல்லையா.

அட்டைகள் திரும்பின.

ஏ. ஏ. ஏ. மிக்டாவின் அட்டையில் சி.

 தெருவில் யாரோ ஒருவர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்.

"பெத்த பிள்ளைக்கு சி போடறவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்று ஆஸி பேச்சை மாற்றப் பார்த்தார்.

"காரணம் சொல்லுங்க," என்றாள் மிக்டா. "விதி இருக்குல்ல. ஆஸி, நீங்க முதல்ல."

"நம்ம ஊருப் பையன். இந்த ஊரு மண்ணு..."

"மண்ணைப் பாத்தீங்களா? சரி. லவான்?"

"நூறு கிலோ பாரத்தை முப்பத்தொரு தடவை தூக்கினான்," என்றார் லவான் மெதுவாக. "அது நிஜம், மிக்டா. டிவியில எண்ணினேன்."

"அது நிஜம்தான்." மிக்டா தலையாட்டினாள். பிறகு எமரியின் பக்கம் திரும்பினாள். "ஆபீசர்?"

எமரி அட்டையைக் கையில் எடுத்தார். காரணத்தின் இடத்தில் அந்தப் புள்ளிதான் இருந்தது. வெள்ளிக்கிழமைகள், கம்பளி, மூன்று மணிநேரப் பாதை எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் அவற்றில் ஒன்றும் ஏ இல்லை.

"நல்ல பையன்," என்றார்.

ஆஸி வழக்கம்போல் மேசையைத் தட்டிச் சிரிக்கக் கையைத் தூக்கி, தூக்கிய கையை அப்படியே கீழே வைத்தார்.

மிக்டா எமரியின் கையிலிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பதினாலு வருஷத்துல நீங்க ஏ போட்டது நாலே பேருக்கு. நாலு பேரும் இப்பவும் ஆடறாங்க, இல்லேன்னா பல வருஷம் ஆடி ஓய்ஞ்சிருக்காங்க," என்றாள். "இது நிஜமா இருந்தா, இதைக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டிடுவேன். நிஜமில்லேன்னு உங்க மூஞ்சியே சொல்லுது. அப்போ என்ன அர்த்தம்? எனக்கு சின்னு தோணிச்சு. நீங்க அதுக்கும் கீழ நினைச்சிருக்கீங்க. அதான் மறைச்சுட்டீங்க."

"மிக்டா..."

"நேத்து ராத்திரி அவன் போன்ல என்ன கேட்டான் தெரியுமா? பயிற்சியாளருங்க எல்லாம் தட்டிக் கொடுக்கறாங்கம்மா, எமரி என்ன சொல்றார்னு கேட்டுச் சொல்லுன்னான். கூட்டம் முடிஞ்சதும் போன் பண்றேன்னு சொல்லியிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போறான். தொண்ணூறு பேரு. ஆகஸ்ட் கடைசியில ஐம்பத்து மூணு பேரை வச்சுக்கிட்டு மத்தவங்களை வீட்டுக்கு அனுப்புவாங்க. அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல? நல்ல பையன்னு சொல்லவா?"

அவள் சத்தம் போடவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"என் தப்புதான், மிக்டா," என்றார் ஆஸி. "நான்தான் காலையில போன் பண்ணி..."

"பேனா பிடிச்சு எழுதினது அவர் கை," என்றாள் அவள் திரும்பாமல்.

அது சரிதான் என்று எமரிக்குப் பட்டது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், ஒருமுறை ஒருவர் வாத்து ஒன்றைப் பொரித்துக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் தேறாதவரைத் தேறினார் என்று எழுதினால், அவர் போய் யார் மேலாவது மோதுவார் என்பது மனசில் தெளிவாக இருந்தது. இன்றைக்கு மட்டும் ஏன் அது மறந்துபோயிற்று என்று யோசித்தார். மறக்கவில்லை. தெரிந்தேதான் செய்தார். அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்கு தைரியம் இல்லை; அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"ஆஸி, ஒரு வெத்து அட்டை குடு."

நின்றுகொண்டே எழுதினார். காலையில் கிழித்துப் போட்ட நான்கு வரியும் ஒரு எழுத்துகூட மறக்காமல் வந்தது. ஐந்தாவதாக, எந்த ஆட்டத்தில் பார்த்தார் என்ற வரியும் சேர்ந்துகொண்டது. ஜன்னலோரம் போய் அவளிடம் நீட்டினார். அவள் வாங்க நேரமாயிற்று. வாங்கி, உதடசைய வாசித்தாள்.

"சி மைனஸ்," என்றாள். "கை பலம், எதிராளியைப் பிடித்தால் விடமாட்டான். சரி. ஆனால் எதிராளி வெளிப்பக்கம் வருவதுபோல் வந்து உள்பக்கம் சுழன்றால், இவன் பாரம் முழுவதும் ஏற்கெனவே வெளிக்காலில் போய்விட்டிருக்கும். திரும்ப வர முடியாது. நவம்பர் ஆட்டம், மூன்றாம் பகுதி, இரண்டு தடவை..." வாசிப்பதை நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. "அன்னிக்கு மழை, ஆபீசர். தரை வழுக்கிச்சு."

"மழை ரெண்டு பேருக்கும்தான் பெஞ்சுது."

"கணுக்கால்ல கட்டு போட்டிருந்தான்."

"கட்டு போட்டது வலது கால்ல. நான் சொல்றது இடது கால். அதோட, கட்டு போடறதுக்கு முந்தின வாரமும் பாத்தேன். உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"அந்தக் காலேஜ் ஆட்டத்துல அப்படிச் சுத்தறவன் எப்பவாவதுதான் வருவான். தேவைப்படல. இங்க, பெரிய அணிகள்ல, வாரத்துக்கு ஒருத்தன் சுத்துவான்."

"அதுக்காக சி மைனஸா? சியே போதாதா? கையை எழுதிட்டு அதுக்கு மார்க்கே போடலையே நீங்க."

"கைக்குப் போட்டுத்தான் சி மைனஸ். கை இல்லேன்னா டி."

"என்ன அநியாயம் இது," என்றாள் மிக்டா. கண் ஓரத்தை ஆள்காட்டி விரலால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க, காட்டுங்க. எந்த இடத்துல விட்டுடறான்னு காட்டுங்க. ஆஸி, வாங்க இங்க, நீங்கதான் எதிராளி."

"எனக்கு முட்டி வலி."

"ஏ போட்டீங்கல்ல, வாங்க."

மடக்கு மேசையை லவான் தட்டுகளோடு ஓரமாக இழுத்தார். கண்ணாடிக்கு முன்னால் மிக்டா ஒரு கையைத் தரையில் ஊன்றி, மகன் நிற்பதுபோல் குனிந்து நின்றாள். பத்து வருடம் பார்த்துப் பார்த்து அவள் உடம்புக்கே அது வந்துவிட்டிருந்தது. ஆஸி முனகிக்கொண்டே எதிரே நின்றார்.

"வெளிப்பக்கம் வா," என்றார் எமரி. ஆஸி நகர்ந்தார். மிக்டா இடது காலைப் பின்னுக்கு வைத்து மறித்தாள். "இப்போ சுத்து."

ஆஸி ஒரு பீப்பாயைப்போல் மெதுவாகச் சுழன்றார். மிக்டா உள்பக்கம் வரப் பார்த்தாள். முடியவில்லை; உடம்பு முழுவதும் இடது காலில் நின்றது. ஆஸி அவளைத் தாண்டி முடி கழுவும் தொட்டி வரைக்கும் போய், அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அறுபத்தாறு வயசுக் கிழவன் தாண்டிட்டான்," என்றார் லவான். "நான் என் மார்க்கைத் திருத்திக்கறேன்."

மிக்டா அதே இடத்தில், குனிந்தபடியே, தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கே ஊன்றியிருக்கிறது என்று அளப்பதுபோல. பிறகு அதைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்தாள். "இன்னொரு தடவை," என்றாள்.

மூன்று தடவை ஆயிற்று. மூன்றாவதில் அவள் ஆஸியை நெஞ்சில் கைவைத்து நிறுத்திவிட்டாள். ஆஸி நாற்காலியில் விழுந்து, இனி செத்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றார். மிக்டா முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்பானிஷில் இரண்டு வாக்கியம் பேசினாள். பிறகு போனை எமரியிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அம்மா பயப்படறான்னு நினைச்சுக்குவான்."

எமரி போனைக் காதில் வைத்தார்.

"எஃப்ரயின்."

"சொல்லுங்க. என்ன போட்டீங்க?"

"சி மைனஸ்."

 மறுமுனையில் பையன்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தப்பட்டு அதுவும் நின்றது. எமரி காத்திருந்தார். இந்த ஒரு தடவை, தாம் பார்த்தது தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் அதையும் அவனிடம் சொல்லக்கூடாது.

"உள்பக்கம் சுத்தறப்போதானே?" என்றான் எஃப்ரயின். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. யார்கிட்ட கேட்டாலும் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. எந்தக் கால்?"

"இடது. வெளிப்பக்கம் மறிக்கும்போது ஒரு பாதம் அளவு அதிகமா பின்னால வைக்கிறே. அங்கேயே எல்லாப் பாரமும் இறங்கிடுது."

"ஒரு பாதம் இல்ல, அரைப் பாதம்," என்றாள் மிக்டா பக்கத்திலிருந்து. "அரைப் பாதம்னு சொல்லுங்க, ஆபீசர். நான் இப்போ நின்னு பாத்தேன்ல."

"உங்கம்மா அரைப் பாதம்ங்கறா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

எமரி மிக்டாவைப் பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்து, தாடையை நீட்டி, பதினான்கு வருடமாக ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் நிற்கிற மாதிரியே சண்டைக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"முக்கால்," என்றார். "எழுதிக்கோ. முக்கால் பாதம்."